பிழைதிருத்தி ஒரு சொல்லின் எல்லையை எப்படி முடிவு செய்கிறது?

பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றும் ஒருவர், ஆண்டு மலருக்காக மாணவர்கள் எழுதிக் கொடுத்த கட்டுரைகளைக் கணினியில் திருத்தும்போது எழுந்த மூன்று ஐயங்களைக் கேட்டிருக்கிறார். ‘வணக்கம்’ போன்ற எளிய சொல்லின் ஒரு பாதிக்கு மட்டும் சில எடிட்டர்களில் சிவப்புக் கோடு விழுவது ஏன்? ‘மரமில்லை’ என்று சேர்த்து எழுதினால் பிழை என்றும், ‘மரம் இல்லை’ என்று பிரித்து எழுதினால் சரி என்றும் காட்டுவது ஏன்? ‘பள்ளிக்குக் போனான்’ என்ற வெளிப்படையான பிழையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது ஏன்? மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கோளாறுகள் போலத் தோன்றும். ஆனால் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மென்பொருள் செய்துகொள்ளும் முடிவுதான் மூன்றுக்கும் வேர்.

பிழைதிருத்தி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதற்குள் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதற்பகுதி, வரிசையாக வரும் எழுத்துகளைச் சொற்களாக வெட்டுகிறது. இரண்டாம் பகுதி, வெட்டிக் கிடைத்த ஒவ்வொரு துண்டையும் அகராதிக் கோப்பில் தேடி, உண்டு அல்லது இல்லை என்று விடை சொல்கிறது. பெரும்பாலும் இவ்விரண்டையும் எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள். லிப்ரே ஆபிஸ், பயர்பாக்ஸ், குரோம் ஆகியவற்றில் தேடும் வேலையைச் செய்வது ஹன்ஸ்பெல் என்னும் நிரல். ஹங்கேரியரான லாஸ்லோ நேமெத், ஒட்டுகள் மிகுந்த தம் தாய்மொழியை மனத்தில் வைத்து உருவாக்கியது அது. வெட்டும் வேலையை அந்தந்த மென்பொருள் தானே செய்து, துண்டுகளை ஹன்ஸ்பெல்லிடம் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது. ஆகவே ஒரே அகராதியைப் பயன்படுத்தும் இரண்டு எடிட்டர்கள் ஒரே வாக்கியத்தில் வெவ்வேறு இடங்களில் கோடு போடுவது வியப்பன்று. சிவப்புக் கோட்டைக் கண்டதும் ‘அகராதியில் இந்தச் சொல் இல்லை’ என்று முடிவுக்கு வருகிறோம். பல வேளைகளில் அகராதியில் சொல் இருக்கிறது, அதனிடம் முழுச் சொல் போய்ச் சேரவில்லை.

வெட்டும் முறையின் பழைய வடிவம் மிக எளியது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் 1975இல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய ‘ஸ்பெல்’ என்ற நிரல், ஆவணத்தை வரிக்கு ஒரு சொல்லாகப் பிரித்து, அகரவரிசைப்படுத்தி, ஒரே சொல் திரும்ப வந்தால் நீக்கி, மிஞ்சியதைச் சொற்பட்டியலோடு ஒப்பிட்டது. எழுத்துகள் இடைவிடாமல் தொடரும் வரை சொல், எழுத்தல்லாத ஒன்று வந்தால் எல்லை என்பதே அதற்குப் போதுமான இலக்கணமாக இருந்தது. ஆங்கிலத்துக்கு அது பெருமளவு பொருந்தியதால், அதற்குப் பின் வந்த நிரல்மொழிகளும் எடிட்டர்களும் அந்தப் பழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டன. ‘எழுத்து’ என்றால் எது என்ற கேள்வியை மட்டும் அவை ஆங்கில நெடுங்கணக்கைப் பார்த்தே தீர்த்துக்கொண்டன.

முதல் ஐயத்துக்கான விடை இங்கேயே இருக்கிறது. நம் கண்ணுக்கு ‘வணக்கம்’ ஐந்து எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத்தரமான யூனிகோடு முறையில் கணினி சேமித்து வைப்பதோ ஏழு குறியீடுகள்: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. யூனிகோடு ஒவ்வொரு குறியீட்டையும் ஒரு வகையில் சேர்த்திருக்கிறது. உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் ஆய்தமும் ‘எழுத்து’ என்ற வகையிலும், புள்ளியும் கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளும் ‘சேர்குறி’ என்ற வேறு வகையிலும் வருகின்றன. எழுத்தும் எண்ணும் மட்டுமே சொல்லின் உறுப்பு என்று ஒரு நிரல் கொண்டால், புள்ளி வந்த இடத்தில் சொல் முடிந்துவிட்டதாக அது எண்ணும். பைத்தான் என்னும் நிரல்மொழியுடன் வரும் தேடல் நூலகத்தில் சொல்லெழுத்தைக் குறிக்கும் குறியீட்டைக் கொண்டு ‘வணக்கம்’ என்பதை வெட்டிப் பார்த்தால், ‘வணக’ என்றும் ‘கம’ என்றும் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ‘மலேசியா’ என்று கொடுத்தால் ‘மல’, ‘ச’, ‘ய’ என்று மூன்றாகச் சிதறும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் அதே குறியீடு இன்னும் குறுகியது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றைத் தவிர வேறெதையும் சொல்லெழுத்தாக ஏற்பதில்லை என்பதால், தமிழ்ச் சொல் அதன் கண்ணுக்கே படுவதில்லை. சொல்லின் பாதியில் கோடு விழுந்தால், அந்த எடிட்டரையோ அதில் இணைத்த நீட்சியையோ எழுதியவர் இத்தகைய குறியீட்டை நம்பியிருக்கிறார் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். இதைத் திருத்த அகராதியில் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. எழுத்தோடு சேர்குறியையும் சொல்லுறுப்பாகக் கொள்ளும்படி வெட்டும் விதியை மாற்றினால் போதும்.

ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் இதற்கென்றே யூனிகோடு அமைப்பு வெளியிட்டுள்ள விதித்தொகுப்பைப் பின்பற்றுகின்றன. யூனிகோடு தரத்தின் 29ஆம் இணைப்பு, எழுத்து, சொல், வாக்கியம் ஆகிய மூன்றுக்கும் எல்லை காணும் முறையைச் சொல்கிறது. அதன்படி சேர்குறி எப்போதும் முன்னுள்ள எழுத்தோடு ஒட்டியே நிற்கும். இரண்டு எழுத்துகளுக்கு இடையே வெட்டு விழாது. சுவையான பகுதி நிறுத்தக்குறிகளைப் பற்றியது. ஆங்கிலத்தில் ‘டோன்ட்’ என்று எழுதும்போது நடுவில் வரும் மேற்கோள் குறி சொல்லின் உறுப்பு. அதே குறி ஒரு சொல்லின் முன்னும் பின்னும் வந்தால் மேற்கோள். இரண்டு பக்கமும் எழுத்து இருந்தால் உள்ளே, ஒரு பக்கம் இல்லையென்றால் வெளியே என்று விதி அதைப் பிரித்தறிகிறது. முற்றுப்புள்ளிக்கும் இதே நியாயம்தான். ‘கி.மீ.’ என்று எழுதினால் நடுப்புள்ளி உள்ளே நிற்கும், கடைசிப் புள்ளி வெளியே தள்ளப்படும். ஆகவே அகராதியில் இருக்க வேண்டிய வடிவம் கடைசிப் புள்ளி இல்லாத ‘கி.மீ’.

மாணவர்களின் கட்டுரைகளில் இதன் விளைவை அடிக்கடி காணலாம். முற்றுப்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் ‘வந்தான்.பிறகு’ என்று ஒரு மாணவன் தட்டச்சு செய்தால், மேற்சொன்ன விதியை அப்படியே பின்பற்றும் எடிட்டருக்கு அது ஒரே சொல். இரண்டு சரியான சொற்களின் அடியிலும் ஒரே நீளமான கோடு விழும். காற்புள்ளிக்கு அந்தச் சலுகை எண்களுக்கு நடுவில் மட்டுமே உண்டு. ‘1,500’ பிரியாது, ‘வந்தான்,போனான்’ பிரிந்துவிடும். ஒரு கோடு இரண்டு சொற்களுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனால், எழுத்தைப் பார்ப்பதற்கு முன் நடுவிலுள்ள குறியைப் பார்ப்பது நல்லது.

நம் மலேசியாவில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வருவதால் இன்னும் சில சிக்கல்கள் சேர்கின்றன. மலாயில் இரட்டித்து வரும் சொற்கள் இணைப்புக்கோட்டால் எழுதப்படுகின்றன. பொதுவிதி இணைப்புக்கோட்டில் வெட்டுகிறது. ‘புக்கு-புக்கு’ என்று புத்தகங்களைக் குறிக்கும்போது இரு பாதியும் தனிச்சொல் என்பதால் கேடில்லை. வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் ‘குப்பு-குப்பு’வில் பாதி தனியே வழங்காத சொல், அதைப் பிழை என்று காட்டாதிருக்க அகராதியில் பாதியைச் சேர்த்தால், பாதியை மட்டும் எழுதிய பிழை இனிமேல் அகப்படாது. ஹன்ஸ்பெல் முதலில் கோட்டோடு சேர்ந்த முழு வடிவத்தைத் தேடி, அது இல்லையென்றால்தான் துண்டுகளைத் தேடும். ஆனால் எடிட்டர் முழு வடிவத்தை அதனிடம் கொடுத்தால்தானே அது தேட முடியும். 1972ஆம் ஆண்டின் மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வழக்கப்படி ‘புக்கு2’ என்று எண்ணிட்டு எழுதிய பழைய ஆவணங்களில், எழுத்தை அடுத்து வரும் எண் பிரியாது என்ற விதியால் அது ஒரே சொல்லாகிறது. நம் பெயர்களில் ‘அனாக் லெலாகி’ என்பதன் சுருக்கமாக வரும் ‘ஏ/எல்’ சாய்கோட்டில் உடைந்து இரண்டு ஒற்றை எழுத்துகளாகிறது. ‘பேஸ்புக்’ என்பதை ஆங்கில எழுத்திலேயே எழுதி, அதன் வாலில் தமிழ் ‘இல்’ உருபை ஒட்டினால், எழுத்துமுறை மாறினாலும் இரண்டும் எழுத்தே என்பதால் பொதுவிதி வெட்டுவதில்லை; கிடைக்கும் கலப்புச்சொல் எந்த மொழியின் அகராதியிலும் இருக்காது.

கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய கோப்புகளிலிருந்து ஒட்டியெடுத்த பகுதிகளில் இவை மிகுதி. ‘ரிக்ஷா’ போன்ற சொல்லில் ககரமும் ஷகரமும் ஒரே கூட்டெழுத்தாகிவிடாமல் இருக்கச் சிலர் இடையில் அகலமற்ற ஒரு பிரிப்பானை இடுகிறார்கள். வெட்டும்போது அது சொல்லைப் பிரிக்காது. தேடும்போது அகராதியிலுள்ள வடிவத்தோடு பொருந்தாது. அகலமற்ற இடைவெளி என்ற இன்னொன்று நேர்மாறாகச் சொல்லைப் பிரித்தேவிடும், திரையில் எதுவும் தெரியாது. ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். தஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களிலிருந்து சரியாக மாற்றப்படாத கோப்புகளில் இரண்டாம் வகை வருவதுண்டு. ‘ஔவை’ என்பதை ஔகார எழுத்தால் எழுதாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதுவது, தேடலுக்கு முற்றிலும் வேறு சொல். ஒகரக் குறி தொடர்பான வேறுபாட்டை யூனிகோடு சீராக்கம், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் முறை, நீக்கிவிடும். ‘ஒளவை’யை எந்தச் சீராக்கமும் திருத்தாது; அது எழுத்துப்பிழையேதான்.

இவ்வளவும் தமிழுக்கு வெளியிலிருந்து வந்த சிக்கல்கள். இரண்டாம் ஐயம் தமிழின் உள்ளிருந்தே வருகிறது, எனக்கு முதன்மையாகத் தோன்றுவதும் அதுதான்.

‘மரமில்லை’ என்பதில் முதற்சொல் எங்கே முடிகிறது? ‘மி’ என்ற எழுத்தின் மெய் ‘மரம்’ என்பதற்குரியது, அதன் உயிர் ‘இல்லை’ என்பதற்குரியது. மெய்யீற்றின்மேல் உயிர் வந்து ஏறுவதை நம் இலக்கண நூல்கள் இயல்பு புணர்ச்சி என்று சொல்கின்றன. பேசும் வாய்க்கும் படிக்கும் கண்ணுக்கும் அது எந்தத் தடையும் தருவதில்லை. கணினிக்கோ சொல்லெல்லை ஓர் எழுத்தின் நடுவில் விழுகிறது. சேமிக்கப்பட்ட குறியீடுகளைப் பாருங்கள். ‘மரம்’ நான்கு குறியீடு, ‘இல்லை’ ஐந்து குறியீடு. சேர்ந்த ‘மரமில்லை’ ஒன்பதன்று, எட்டு. முதற்சொல்லின் புள்ளியும் இரண்டாம் சொல்லின் இகரமும் மறைந்து, அவற்றின் இடத்தில் இகரக் குறி ஒன்று வந்திருக்கிறது. எந்த இரண்டு குறியீடுகளுக்கு இடையே வெட்டினாலும் ‘மரம்’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்களும் கிடைக்கமாட்டா. வெட்டுவதோடு, மறைந்த புள்ளியையும் உயிரையும் திரும்ப எழுதவும் வேண்டும். ‘மணியடித்தது’ என்பதில் யகரம் இடையில் புகுந்திருக்கிறது. ‘வந்திருக்கிறான்’ என்பதில் ‘வந்து’வின் உகரம் கெட்டிருக்கிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நாம் பள்ளியில் படித்த மூன்று விகாரங்களும் சொல்லெல்லையில்தான் நிகழ்கின்றன, அதாவது மென்பொருள் வெட்ட முயலும் அதே இடத்தில்.

தாய், லாவோ, கெமர் எழுத்துகளில் சொற்களுக்கிடையே இடைவெளியே விடுவதில்லை. பினாங்கில் புலாவ் திக்குஸ் வட்டாரத்துத் தாய்லாந்துக் கோயிலின் எழுத்துப் பலகைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொடர்ச்சி தெரிந்திருக்கும். அம்மொழிகளுக்கு அகராதியைக் கொண்டே எல்லை காணும் வழி பல மென்பொருள்களில் இருக்கிறது. தமிழ் இடைவெளி விட்டு எழுதப்படுவதால், ஆங்கிலம்போல அதை இடைவெளியில் வெட்டினால் போதும் என்று கருதிவிட்டார்கள். நம் நிலை இரண்டுக்கும் நடுவிலானது. இடைவெளி இருக்கிறது, ஆனால் இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே இருப்பது எப்போதும் ஒரு சொல்லாக இருப்பதில்லை.

இதைச் சமாளிக்கும் வழி, வெட்டுவதைத் தேடும் பகுதிக்குள் கொண்டுபோவது. ஹன்ஸ்பெல்லின் விதிக்கோப்பில் ‘ஈற்று ம் நீக்கி த்தை சேர்’ என்று ஒரு வரி எழுதினால், ‘மரம்’ என்ற ஒரே பதிவிலிருந்து ‘மரத்தை’யும், அந்த வகுப்பைச் சேர்ந்த ஒவ்வொரு பெயரின் இரண்டாம் வேற்றுமை வடிவமும் ஏற்கப்படும். ‘ம் நீக்கி மில்லை சேர்’ என்றும் எழுதலாம். ஆனால் அது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு விகுதிகளைத்தான் உரிக்கும். ‘மரங்களிலிருந்துதான்’ என்பதில் கள், இல், இருந்து, தான் என்று நான்கு. ஆகவே தமிழ் அகராதி செய்கிறவர்கள் பல விகுதிகளை முன்கூட்டியே கோத்து ஒரே நீண்ட விகுதியாகப் பதிய வேண்டியிருக்கிறது. கோப்பு பெருத்துக்கொண்டே போகும், எங்கேனும் ஒரு கோவை விடுபட்டால் அந்த வடிவம் முழுவதும் சிவப்பாகும். இந்த வகை மொழிகளுக்குப் பொருத்தமான கருவி வேறொன்று. பின்லாந்தைச் சேர்ந்த கிம்மோ கோஸ்கென்னியெமி 1983இல் முன்வைத்த இரு நிலை உருபனியல், அகராதி வடிவத்தையும் எழுதப்பட்ட வடிவத்தையும் எழுத்துக்கு எழுத்து இணைவைத்து, புணர்ச்சி மாற்றங்களை விதிகளாகவே எழுத இடம் தருகிறது. எத்தனை விகுதி அடுக்கினாலும் அதற்குச் சுமையில்லை. நம் புணரியல் சூத்திரங்களைப் படித்தவர்களுக்கு அந்த விதிகளின் வடிவம் அயலாகவே தோன்றாது. நல்ல தமிழ்ப் பிழைதிருத்தி அந்த வழியில்தான் வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை நடக்கும் ஒரு தீங்கைப் பற்றிக் கவலையோடு சொல்ல விரும்புகிறேன். ‘செய்துகொண்டிருந்தான்’ சிவப்பாகிறது, ‘செய்து கொண்டிருந்தான்’ ஆகவில்லை. ‘வரவேண்டும்’ சிவப்பாகிறது, ‘வர வேண்டும்’ ஆகவில்லை. பிரித்தால் ஒவ்வொரு பாதியும் அகராதியில் இருக்கும் என்பதே காரணம். இதைக் கண்ட மாணவர்கள் கோடு மறையும்வரை இடைவெளி விட்டுக்கொண்டே போகிறார்கள். ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் கிடையாது. அச்சோடு பரவிய வழக்கம் இது, இன்னும் முழுதாக நிலைபெறவில்லை. ஆகவே ‘வர வேண்டும்’ என்று எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்பதைப் பொருள் தீர்மானிக்க வேண்டும். ‘பலகை’ ஒரு மரத்துண்டு, ‘பல கை’ பல கைகள்; எந்தப் பிழைதிருத்தியும் இரண்டில் எதற்கும் கோடு போடாது. தமிழின் இடைவெளி வழக்கத்தை, முழுமை பெறாத ஒரு விதிக்கோப்பு வகுப்பறையில் மாற்றிக்கொண்டிருக்க நாம் இடம் தரக்கூடாது.

மூன்றாம் ஐயம் இதன் மறுபக்கம். ‘அந்தக் கடை’, ‘அந்தச் சாலை’, ‘அந்தத் தெரு’, ‘அந்தப் பள்ளி’ என்று ஒரே சொல் நான்கு ஈறுகளோடு வருகிறது. எந்த ஈறு சரி என்பதைத் தீர்மானிப்பது அடுத்த சொல்லின் முதலெழுத்து. ஹன்ஸ்பெல் போன்ற நிரலிடம் ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் போகிறது. அடுத்த சொல் என்னவென்று அதற்குத் தெரியாது. எனவே அகராதி செய்கிறவர் நான்கு வடிவங்களையும் சரியென்று பதிவதைத் தவிர வழியில்லை. பதிந்த பின் ‘அந்தக் பள்ளி’யும் ‘பள்ளிக்குக் போனான்’ என்பதும் கோடின்றித் தப்பிவிடும். இவற்றைப் பிடிக்கச் சொல்லெல்லையைத் தாண்டிப் பார்க்கும் கருவி வேண்டும். நீச்சல்காரன் உருவாக்கிய ‘நாவி’ என்னும் சந்திப்பிழை திருத்தி அதற்கென்றே செய்யப்பட்டது. சொல்திருத்தி முடித்த கட்டுரையை அதில் ஒருமுறை இடுவது பயன் தரும்.

ஆண்டு மலர் வேலைக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முதலில் எடிட்டரில் ‘வணக்கம்’ என்று எழுதி, சொல்லின்மேல் இருமுறை சொடுக்குங்கள். முழுச் சொல்லும் தேர்வானால் அங்கே வெட்டும் விதி பெரும்பாலும் சரியாக இருக்கிறது. பாதி மட்டும் தேர்வானால் அந்த எடிட்டரைத் தமிழுக்கு நம்ப வேண்டாம். பழைய கோப்புகளிலிருந்து ஒட்டிய பகுதிகளை ஒருமுறை சீராக்கி, அகலமற்ற குறியீடுகளை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். மலாய், ஆங்கிலப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்குரிய மொழியைக் குறித்துவிடுங்கள். மலாயும் ஆங்கிலமும் ஒரே எழுத்தைப் பகிர்ந்துகொள்வதால் எழுத்தைக் கொண்டு மென்பொருளால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. சொந்த அகராதியில் சேர்க்கும்போது ‘மரமில்லை’ போன்ற புணர்ந்த வடிவங்களையும் தயங்காமல் சேருங்கள், ஆனால் ‘வணக’ போன்ற வெட்டுண்ட துண்டு எதையும் சேர்த்துவிடாதீர்கள். ஒருமுறை சேர்த்தால் அந்தப் பிழை பிறகு எங்கே வந்தாலும் கோடின்றிப் போய்விடும்.